திகதியிழந்த சவாரித் தம்பர்

வட்டவளையிலே காகிதத்துக்கு ஆயுள் குறைவு. ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் ஊர் இது. பூட்டிய பெட்டிக்குள் வைத்த நூலும் ஆடி மாதத்தில் ஈரங்கோத்துக் கிடக்கும். இத்தகைய ஊரில், தோட்டமொன்றிற் கணக்கப்பிள்ளையாக இருந்த என் தந்தையார், தினகரனில் வந்த கேலிச்சித்திரங்களைக் கத்தரித்து, பழைய செக்றோல் ஏடொன்றிலே கோதுமைப் பசையால் ஒட்டி வைத்திருந்தார். அவற்றுட் பெரும்பாலானவை சவாரித் தம்பர். வரைந்தவர் சுந்தர்.

சி. சிவஞானசுந்தரம் என்பது அவருடைய முழுப்பெயர். 1924ஆம் ஆண்டு வடமராட்சிக் கரவெட்டியிற் பிறந்தவர். கட்டடக் கலை பயிலவென்று பம்பாய்க்குப் போனார். படிக்கப் போனது ஒன்று, பற்றிக்கொண்டது வேறொன்று. அம்மாநகரத்துப் பத்திரிகைகளில் அவருடைய கேலிச்சித்திரங்கள் வெளிவரலாயின. கட்டடத்துக்குக் கோடிழுக்கக் கற்ற கை மனிதருடைய மூக்கையும் தொந்தியையும் வரைவதில் இன்பங்கண்டது. தாயகம் திரும்பியபோது அவர் கொண்டுவந்த செல்வம் அந்தக் கைதான்.

நாளிதழிலே ஒரே பாத்திரம் மீண்டும் மீண்டும் தோன்றி வாசகரோடு உறவாடும் வழக்கம் மேனாட்டிலே தழைத்தது. 1895இல் நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையில் ரிச்சர்ட் அவுட்கோல்ட் வரைந்த மஞ்சட் பையனுக்கு உண்டான மதிப்பினால், அடுத்த ஆண்டே போட்டிப் பத்திரிகைக்காரர் ஒருவர் ஓவியரைத் தம்பக்கம் இழுத்துக்கொண்டார். நம் நாட்டிலே 1951இல் லங்காதீப பத்திரிகையில் ஜி. எஸ். பெர்னாண்டோ வரைந்த நீலா என்னும் சிங்களச் சித்திரத் தொடர் வந்தது. தமிழிலே சுந்தர் செய்தது யாது? பிறநாட்டு வீரர் எவரையும் அவர் இரவல் வாங்கவில்லை. யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் நடமாடும் மனிதரையே பிடித்துக் காகிதத்தில் இருத்தினார். சவாரி என்றவுடன் அங்குள்ளார் செவியில் மாட்டுவண்டிப் பந்தயத்தின் ஆரவாரம் ஒலிக்கும்; தம்பரென்பதோ அயல்வீட்டுப் பெயர். சின்னக்குட்டி, மைனர் மச்சான், மெயில் வாகனத்தார் என்று அவர் படைத்த சுற்றம் பெருகிற்று.

இவர்களெல்லாரும் பேசியது ஊர்ப்பேச்சு. பண்டிதத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், இத்தகைய பேச்சை அச்சேற்றுவது மொழிக்குச் செய்யும் தீங்கென்றே நான் எண்ணியிருந்தேன். தந்தையார் அதைக் கேட்டுச் சிரித்தாரேயன்றி விடைகூறவில்லை. மலைநாட்டுத் தமிழ் பேசிய அவர் யாழ்ப்பாணத்துத் தமிழைச் சித்திரம் பார்த்தே கற்றவர். நன்னூலை உருப்போட்ட எனக்கு விளங்காத சொற்களை, ஏட்டைப் புரட்டிக் காட்டிப் பொருள் சொல்லுவார். அகராதியிற் காணாத சொற்கள் சில இன்றும் எனக்கு அந்த ஏட்டால் அறிமுகமானவையே.

அந்த ஏட்டுக்கு நான் செய்த கொடுமையையும் சொல்லிவிட வேண்டும். இராமபாணப் பூச்சி பசையைத் தின்னத் தொடங்கியதைக் கண்டு, நறுக்குகளைப் பெயர்த்துப் புதிய ஏடொன்றிலே அடுக்கினேன். அழகாக இருக்கட்டுமென்று ஓரங்களை நேராக வெட்டினேன். தந்தையார் ஓரங்களிலே பென்சிலால் எழுதியிருந்த திகதிகள் யாவும் வெட்டுண்டு குப்பையிற் சேர்ந்தன! அரிசி விலையோ, தேர்தலோ, அந்தந்த வாரத்துச் செய்தியைத் தொட்டுப் பிறப்பது கேலிச்சித்திரம். திகதி போனால் நகைச்சுவையிற் பாதி போயிற்று. ஒரு நறுக்கின் பின்புறத்திலே திரைப்பட விளம்பரம் இருக்கின்றது. காலத்தைக் கணிக்கலாமென்று ஆவலோடு பார்த்தால், படத்தின் பெயர் வெட்டுண்ட பாதியிலே போய்விட்டது.

அமெரிக்காவிலே பில் பிளாக்பியர்ட் என்பார், நூல்நிலையங்கள் நுண்படம் எடுத்துக்கொண்டு கழித்துவிட்ட பத்திரிகைத் தொகுதிகளையெல்லாம் சான்பிரான்சிஸ்கோவிலுள்ள தம் வீட்டிலே திரட்டி வைத்தார். நுண்படத்திலே வண்ணம் இல்லை. அவர் காத்த தாளிலே வண்ணம் இருந்தது. பிற்காலத்தில் அத்திரட்டு ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தபோது அதன் எடை ஏறத்தாழ 75 தொன். நமக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

நாளிதழின் ஆயுள் ஒரு பகல் என்பதைச் சுந்தர் உணர்ந்திருந்தார் போலும். 1960களின் முற்பகுதியிற் கொழும்பிலே சிரித்திரன் என்னும் நகைச்சுவை ஏட்டைத் தொடங்கினார். தம்பரும் சுற்றத்தாரும் அங்கே குடிபுகுந்தனர். மகுடி என்னும் பெயரில் வாசகர் வினாக்களுக்கு அவர் எழுதிய விடைகளுக்கென்றே ஏட்டை வாங்கியோர் உண்டு. பின்னர் ஏடு யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது, அதன்பின் போர் வந்தது, அச்சுத்தாளே அரும்பொருளாயிற்று. அக்காலத்திலும் சிரிப்பை விற்க ஒருவர் துணிந்தாரென்பது எனக்கு இன்றும் வியப்பே. கார்ட்டூன் ஓவிய உலகில் நான் என்னும் நூலிலே தம் கதையைத் தாமே எழுதி வைத்தார். 1996இல் மறைந்தார்.

சிரித்திரன் இதழ்கள் பலவற்றை, 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தார் மின்வடிவிலே காத்துவருகின்றனர். அது பெரும்பேறு. தினகரனில் வந்த தம்பரைக் காண வேண்டின் பழைய தாள்களையே புரட்ட வேண்டும். சென்ற பாடசாலை விடுமுறையிலே என் ஏட்டைத் தூக்கிக்கொண்டு கொழும்பு தேசிய சுவடிக்கூடத்துக்குச் சென்றேன். மூன்று நாட்கள் பத்திரிகைத் தொகுதிகளைப் புரட்டியதில், முப்பத்தேழு நறுக்குகளுள் ஒன்பதற்குத் திகதி கிடைத்தது. தந்தையாரைப் போலவே பென்சிலால் ஓரத்திலே குறித்தேன். எஞ்சிய இருபத்தெட்டையும் தகரப்பெட்டியில் இட்டு, அடுப்படிக்கு மேலுள்ள பரணிலே வைத்திருக்கிறேன். வீட்டிலே ஈரமேறாத இடம் அது ஒன்றுதான்.