நட்சத்திரக் கூட்டத்தைப் படம் பிடித்த காண்டிராக்டர்

அவர் பெரிய கல்லூரியில் படித்தவர் அல்ல. வான ஆராய்ச்சிக் கூடத்தில் சம்பளம் வாங்கியவரும் அல்ல. செங்கல், சுண்ணாம்பு, மரம், இவற்றோடு வாழ்நாளின் பெரும் பகுதியைக் கழித்தவர். வீடுகளும் கட்டிடங்களும் கட்டிப் பணம் சேர்த்தவர்.

ஆனால் உலகில் எந்த விஞ்ஞானியும் அதுவரை பார்க்காத ஒரு காட்சியை அவர் தன் வீட்டுத் தோட்டத்தில் இருந்தபடியே பார்த்தார். பார்த்ததோடு நிற்கவில்லை. எல்லாரும் பார்க்கும்படி அதைப் போட்டோ பிடித்தும் வைத்தார்.

அவர் பெயர் ஐசக் ராபர்ட்ஸ்.

விவசாயி மகன்

இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் நாடு இருக்கிறது. அங்கே குரோஸ் என்ற சிற்றூரில் 1829-ஆம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி ராபர்ட்ஸ் பிறந்தார். தந்தை ஒரு விவசாயி. பிள்ளை சிறுவனாக இருந்தபோதே குடும்பம் லிவர்பூல் நகருக்குப் போய்விட்டது.

லிவர்பூல் பெரிய துறைமுகப் பட்டினம். வேலைக்குப் பஞ்சம் இல்லாத ஊர். 1844-ஆம் ஆண்டு, 15 வயதில், ராபர்ட்ஸ் வேலைக்குப் போனார். கட்டிட வேலையும் சுண்ணாம்புக் காளவாயும் நடத்திய ஒரு கம்பெனியில் ஏழு ஆண்டு தொழில் பழகினார். படிப்படியாக உயர்ந்து அங்கேயே மானேஜர் ஆனார்.

1859-ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பெரிய பெரிய காண்டிராக்டுகள் கிடைத்தன. கைநிறையப் பணம் வந்தது.

பணம் வந்தவர்கள் பலர் மேலும் பணம் சேர்க்கவே பாடுபடுவார்கள். ராபர்ட்சின் மனம் வேறு பக்கம் போனது. அஸ்திவாரம் தோண்டும்போது பூமிக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தார். லிவர்பூல் நகருக்கு அடியில் உள்ள மணற்பாறையில் நிலத்தடி நீர் எப்படி ஓடுகிறது என்று கிணறுகளை அளந்து பார்த்தார். 1870-ல் பூமி நூல் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

பூமியைப் பார்த்த கண் பிறகு வானத்தை நோக்கித் திரும்பியது. 1878-ஆம் ஆண்டு வீட்டிலேயே 7 அங்குல லென்சு உள்ள ஒரு டெலஸ்கோப்பை வைத்தார். அப்போது அவருக்கு வயது 49.

கண்ணை நம்பலாமா?

அந்தக் காலத்தில் வான ஆராய்ச்சியாளர்கள் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். பார்த்ததைப் பென்சிலால் படம் வரைவார்கள். ஒருவர் வரைந்த படம் இன்னொருவர் வரைந்த படத்தைப் போல் இருக்காது. யார் வரைந்தது சரி என்று எப்படிச் சொல்வது?

வானத்தில் நட்சத்திரங்களுக்கு நடுவே மங்கலான மேகம் போன்ற திட்டுகள் பல உண்டு. அவற்றுக்கு நெபுலா என்று பெயர் வைத்திருந்தார்கள். அவை என்ன என்று யாருக்கும் தெரியாது.

அவற்றுள் பெரியது ஆண்ட்ரோமீடா நெபுலா. இருட்டான இடத்தில் நின்றால் டெலஸ்கோப் இல்லாமலே அது தெரியும். ஒரு சிறு புகைத் துண்டு போல் இருக்கும். 1847-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் பாண்ட் என்ற விஞ்ஞானி அதைப் பெரிய டெலஸ்கோப்பில் பார்த்தார். அதற்குள் இரண்டு கருப்புக் கோடுகள் தெரிவதாக வரைந்து காட்டினார். அந்தக் கோடுகள் என்ன? அதற்கு மேல் கண்ணுக்கு ஒன்றும் எட்டவில்லை.

மனிதனுடைய கண்ணுக்கு ஒரு குறை உண்டு. ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தாலும், முதல் விநாடியில் தெரிந்ததற்கு மேல் அதிகம் தெரியாது. போட்டோத் தகடு அப்படி அல்ல. சிறுகச் சிறுக ஒளியைச் சேர்த்து வைக்கும். உண்டியலில் காசு சேர்வது போல, நேரம் ஆக ஆகப் படம் தெளிவாகும்.

முன்பெல்லாம் ஈரமான மருந்து பூசிய தகடுதான் இருந்தது. சில நிமிடங்களில் அது காய்ந்து போகும். 1871-ல் ரிச்சர்டு மேடக்ஸ் என்பவர் உலர்ந்த தகடு செய்யும் வழியைக் கண்டார். அதன் பிறகு மணிக்கணக்கில் ஒளியைச் சேர்க்க வழி பிறந்தது.

1883-ல் ராபர்ட்ஸ் வானத்தைப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

இரட்டை டெலஸ்கோப்

அப்போது அவர் லிவர்பூலுக்கு வடக்கே மகல் என்ற ஊரில் குடியிருந்தார். தோட்டத்தில் வான ஆராய்ச்சிக்கு என்று தனி இடம் அமைத்தார். 1885-ல் டப்ளின் நகரில் பேர்பெற்ற கிரப் கம்பெனியில் சொல்லிப் புதிய டெலஸ்கோப் ஒன்று செய்து வாங்கினார். அதில் இருந்த கண்ணாடியின் அகலம் 20 அங்குலம்.

சும்மா டெலஸ்கோப்போடு காமிராவைக் கட்டினால் போதுமா? போதாது.

பூமி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் நட்சத்திரங்கள் கிழக்கில் இருந்து மேற்கே நகர்கின்றன. டெலஸ்கோப் அசையாமல் நின்றால் நட்சத்திரங்கள் தகட்டில் புள்ளியாக விழாது. கோடு கோடாக விழும். ஆகையால் டெலஸ்கோப்பும் நட்சத்திரத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டும். அதற்குக் கடிகாரம் போன்ற ஓர் இயந்திரம் உண்டு. ஆனால் அந்த இயந்திரமும் சிறிது முன்னே பின்னே போகும். ஒரு மயிரிழை பிசகினாலும் படம் கெட்டுப் போகும்.

இதற்கு ராபர்ட்ஸ் நல்ல வழி செய்தார். 20 அங்குல டெலஸ்கோப்பையும், பழைய 7 அங்குல டெலஸ்கோப்பையும் ஒரே அச்சில் பொருத்தச் செய்தார். பெரியது படம் பிடிக்கும். சிறியதன் வழியாக ஒருவர் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அது இம்மியளவு விலகினாலும் உடனே திருகைத் திருப்பிச் சரிப்படுத்துவார்.

படிப்பதற்கு இது சுலபமாக இருக்கும். செய்வது கடினம். வானம் நன்றாக இருட்டுவது குளிர்கால நீண்ட இரவுகளில். ஆராய்ச்சிக் கூடத்தின் கூரையைத் திறந்துதான் வைக்க வேண்டும். கணப்பு மூட்டக்கூடாது, சூடான காற்று எழுந்தால் படம் கலங்கும். எலும்பைத் துளைக்கும் குளிரில் மணிக்கணக்காகக் கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும். நடுவில் ஒரு மேகம் வந்துவிட்டால் பாதி இரவு பாடுபட்டதும் வீண்.

1886-ல் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் படம் எடுத்தார். அந்த நட்சத்திரங்களைச் சுற்றிப் புகை போன்ற ஒளி மண்டிக் கிடப்பது படத்தில் தெரிந்தது. பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆனால் அதைவிடப் பெரிய வியப்பு இரண்டு ஆண்டு கழித்து வந்தது.

அந்த டிசம்பர் இரவு

1888-ஆம் ஆண்டு ராபர்ட்ஸ் கட்டிடத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றார். அவருக்கு வயது 59. இனி எல்லா இரவுகளும் அவருக்குச் சொந்தம்.

அந்த ஆண்டு அக்டோபரில் ஆண்ட்ரோமீடா நெபுலாவைப் படம் பிடித்தார். டிசம்பர் 29-ந் தேதி மீண்டும் டெலஸ்கோப்பை அதை நோக்கித் திருப்பினார். சுமார் 4 மணி நேரம் தகடு ஒளியைக் குடித்தது.

தகட்டைக் கழுவிப் பார்த்தபோது, புகைத் துண்டு இல்லை. நடுவிலே பிரகாசமான ஒரு குமிழ். அதைச் சுற்றி ஒளி வளையங்கள். கோலி சோடாவைக் குலுக்கினால் சுழலும் நுரை போல, எல்லாம் சுழன்று நின்றன. பாண்ட் வரைந்த இரண்டு கருப்புக் கோடுகளும் கோடுகளே அல்ல. ஒளிச் சுருள்களுக்கு நடுவே உள்ள இருண்ட இடைவெளிகள்.

40 ஆண்டுகளாகப் பெரிய பெரிய டெலஸ்கோப்புகளில் கண் வைத்துப் பார்த்தவர்களுக்குப் புலப்படாத உருவம், ஒரு காண்டிராக்டர் வீட்டுத் தோட்டத்தில் புலப்பட்டது. லண்டனில் ராயல் வான நூல் சங்கத்தார் அவருடைய படங்களைப் பார்த்து வியந்தார்கள். பென்சில் படங்களின் காலம் முடிந்தது.

இருட்டைத் தேடி

ஆனால் ராபர்ட்சுக்குத் திருப்தி இல்லை. மகல் லிவர்பூலில் இருந்து சுமார் 8 மைல் தூரம்தான். நகரத்துப் புகைபோக்கிகளின் புகையும், கடற்கரை ஈரமும் தெளிந்த இரவுகளைக் குறைத்தன. தகடு நட்சத்திர ஒளியை மட்டுமா சேர்க்கும்? வானத்தில் பரவியிருக்கும் எந்த ஒளியையும் சேர்த்துக்கொள்ளும். மங்கலான பொருளைப் படம் பிடிக்க இருட்டும் தெளிவும் வேண்டும்.

60 வயதுக்கு மேல் ஊர் மாற யார் விரும்புவார்கள்? ராபர்ட்ஸ் மாறினார். 1890-ல் தெற்கு இங்கிலாந்தில் கிரோபரோ என்ற ஊருக்குப் போனார். அது சுமார் 800 அடி உயரத்தில் உள்ள மேட்டு நிலம். டெலஸ்கோப்பையும் அங்கே கொண்டுபோனார். புதிய வீட்டுக்கு ஸ்டார்பீல்டு என்று பெயர் வைத்தார். நட்சத்திர வயல் என்பது பொருள். விவசாயியின் மகன் அந்த வயலில் ஒளியை அறுவடை செய்தார்.

அந்த ஆண்டே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்கியது. 1893-ல் தம் படங்களைப் புத்தகமாக வெளியிட்டார். 1895-ல் வான நூல் சங்கத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1899-ல் இரண்டாம் புத்தகம் வந்தது.

முதுமையில் ஒரு துணை

1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முழுச் சூரிய கிரகணம் வந்தது. அதைக் காண நார்வே நாட்டின் வடகோடிக்குப் பலர் போனார்கள். ராபர்ட்சும் போனார். மேகம் மூடியதால் கிரகணம் சரியாகத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் அவர் ஒரு பெண்மணியைச் சந்தித்தார்.

அவர் பெயர் டாரதியா கிளம்ப்கே. அமெரிக்காவில் பிறந்து பாரிசில் படித்தவர். கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். பாரிஸ் வான ஆராய்ச்சிக் கூடத்தில் நட்சத்திரப் படங்களை அளக்கும் பகுதிக்குத் தலைவி. எரிநட்சத்திரங்களைப் பார்க்க 1899-ல் பலூனில் ஏறி வானத்தில் பறந்த துணிச்சல்காரி.

1901-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. ராபர்ட்சுக்கு இது இரண்டாம் திருமணம். அவருக்கு 72 வயது. மணமகளுக்கு 40 வயது. பாரிஸ் வேலையை விட்டுவிட்டு டாரதியா ஸ்டார்பீல்டுக்கு வந்தார். இருவரும் சேர்ந்து வானத்தை ஆராய்ந்தார்கள்.

மூன்று ஆண்டுகள்தான் அந்த வாழ்வு நீடித்தது. 1904-ஆம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி ராபர்ட்ஸ் திடீரென்று இறந்து போனார். பிள்ளைகள் இல்லை. லிவர்பூல் பல்கலைக் கழகத்துக்கும், வேல்ஸ் நாட்டுக் கல்லூரிகளுக்கும் மாணவர் உதவிக்காகச் சொத்தை எழுதி வைத்திருந்தார். 15 வயதில் வேலைக்குப் போனவரின் பணம், மற்றவர் பிள்ளைகளின் படிப்புக்குப் போயிற்று.

டாரதியா அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. கணவர் விட்டுச்சென்ற கண்ணாடித் தகடுகளைப் பாரிசுக்குக் கொண்டுபோனார். ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். 1929-ல், கணவர் பிறந்த நூறாவது ஆண்டில், அவர் எடுத்த வானப் படங்களைத் தொகுத்துப் பெரிய நூலாக வெளியிட்டார். மறைந்த கணவருக்கு அதுவே அவர் கட்டிய சமாதி.

அவர் அறியாத உண்மை

தாம் எடுத்த படத்தைப் பற்றி ராபர்ட்ஸ் ஒரு தவறு செய்தார். புதிய சூரியனும் கிரகங்களும் உருவாகும் காட்சி அது என்று நினைத்தார். நடுக் குமிழ் சூரியனாகும். வளையங்கள் கிரகங்களாகும் என்று எண்ணினார். அன்றைய விஞ்ஞானிகள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

உண்மை அதைவிடப் பெரியது. 1923-ல் எட்வின் ஹபிள் என்ற அமெரிக்க விஞ்ஞானி 100 அங்குல டெலஸ்கோப்பில் ஆண்ட்ரோமீடாவைப் படம் எடுத்தார். அதில் ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டார். அதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டார். ஆண்ட்ரோமீடா நம் நட்சத்திர மண்டலத்துக்கு வெளியே, வெகு தூரத்தில் இருப்பது தெரிந்தது. இன்றைய கணக்குப்படி, அங்கிருந்து ஒளி வந்து சேர 25 லட்சம் ஆண்டுகள் ஆகும். அது ஒரு சூரியன் அல்ல. பல்லாயிரம் கோடி சூரியன்கள் கூடிய தனி உலகம். அதைத்தான் இன்று காலக்ஸி என்கிறார்கள்.

ராபர்ட்சின் விளக்கம் பொய்த்தது. ஆனால் அவர் எடுத்த படம் பொய்க்கவில்லை. தகட்டில் விழுந்த ஒளி அப்படியே நின்றது. பின்னால் வந்தவர்கள் அதன் பொருளை அறிந்துகொண்டார்கள்.

இன்றைய தோட்டத்தில்

இப்போது ஸ்மார்ட் டெலஸ்கோப் என்று ஒரு கருவி வந்திருக்கிறது. 2 அங்குல லென்சு உள்ள சிறிய கருவியைக்கூட ஒரு பையில் போட்டுத் தூக்கிச் செல்லலாம். மொட்டை மாடியிலோ கொல்லையிலோ வைத்து, செல்போனில் ஆண்ட்ரோமீடா என்று தொட்டால் போதும். நட்சத்திரங்களைப் பார்த்துத் தானே வழி கண்டு, தானே திரும்பும்.

தெரு விளக்குகளின் வெளிச்சம் வானத்தை மூடியிருக்கும் நகரத்தில்கூட அது படம் எடுத்துவிடுகிறது. எப்படி? 10 விநாடி, 20 விநாடி என்று நூற்றுக்கணக்கில் சிறு படங்கள் எடுக்கிறது. அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டுகிறது. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் உள்ள காலக்ஸியின் ஒளி வலுப்படுகிறது. அங்குமிங்கும் சிதறும் புள்ளிகள் மங்கிவிடுகின்றன. பரவிய விளக்கு வெளிச்சத்தைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டுக் கழித்துவிடுகிறது. ராபர்ட்சின் தகட்டில் விழுந்த வெளிச்சத்தை யாராலும் கழிக்க முடியாது. அதனால்தான் அவர் வீட்டையே மாற்ற வேண்டியிருந்தது.

ஒரு மணி நேரம் அப்படி விட்டு வைத்தால், செல்போன் திரையில் ஒரு சுருள் மெல்ல மெல்ல எழுகிறது. நடுவே குமிழ், சுற்றிலும் ஒளி வளையங்கள், இடையே கருப்புச் சந்துகள்.

1888-ஆம் ஆண்டு டிசம்பர் இரவில், குளிரில் விறைத்த கையோடு ஒரு கிழவர் முதல் முதலாகக் கண்ட அதே காட்சிதான் அது.