சீட்டில் எழுதிக் கொடுக்க முடியாத மன்னிப்பு



ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் 16ஆம் திகதி திருச்சபை இரு புனிதர்களை ஒரே நாளில் நினைவுகூருகின்றது. ஒருவர் பாப்பரசர் புனித கொர்னேலியு. மற்றவர் வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் புனித சிப்பிரியான். முதலாம் நற்கருணை மன்றாட்டில் இவ்விருவரின் பெயர்களும் அடுத்தடுத்து வருவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கடலின் இரு கரைகளில் வாழ்ந்த இவர்களை ஒரே கேள்வி ஒன்றிணைத்தது. தவறி விழுந்து, தன் சபையையும் காயப்படுத்திய ஒருவரை அச்சபை எவ்வாறு மீண்டும் ஏற்றுக்கொள்வது என்பதே அக்கேள்வி. சிப்பிரியானின் வாழ்வு அக்கேள்விக்கான பதிலாகவே அமைந்தது.

இன்றைய துனீசியா நாட்டின் கடலோரத்தில் இருந்த கார்த்தேஜ், அக்காலத்தில் உரோமைப் பேரரசின் மாபெரும் நகரங்களுள் ஒன்று. அங்கு வசதி படைத்த குடும்பமொன்றைச் சேர்ந்தவர் சிப்பிரியான். கிறிஸ்துவை அறியாதவராக வளர்ந்து, சொற்கலை ஆசிரியராகப் புகழ்பெற்றார். நடுவயதை அடைந்தபின், ஏறத்தாழ 246ஆம் ஆண்டில், முதிய குருவானவர் ஒருவரின் வழிகாட்டலால் திருமுழுக்குப் பெற்றார். தம் சொத்தின் பெரும்பகுதியை ஏழைகளுக்காகக் கொடுத்தார். ஓரிரு ஆண்டுகளுக்குள் இறைமக்கள் அவரையே தங்கள் ஆயராகக் கேட்டுப் பெற்றுக்கொண்டனர். ஆயினும் மூத்த குருக்கள் ஐவருக்கு அது பிடிக்கவில்லை. நேற்று வந்தவர் இன்று தலைவராவதா என்ற அவர்களது மனக்கசப்பு, பின்னர் பெரும் பிளவுக்கு விதையாயிற்று.

அவர் ஆயராகி அதிக காலம் செல்லவில்லை. 249ஆம் ஆண்டு அரியணை ஏறிய பேரரசர் தேசியுஸ், பேரரசின் குடிமக்கள் அனைவரும் தேவர்களுக்குப் பலியிட்டு, அதற்கான சான்றுச் சீட்டைப் பெறவேண்டுமெனக் கட்டளை பிறப்பித்தார். அத்தகைய சீட்டுக்கள் பல பிற்காலத்தில் எகிப்திய மணலினுள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. 250ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் உரோமையில் பாப்பரசர் புனித பபியான் உயிர்நீத்தார்.

கார்த்தேஜில் நடந்ததோ ஆயரின் நெஞ்சைப் பிளந்தது. இழுத்துச் செல்ல எவரும் வருமுன்னரே கிறிஸ்தவர் பலர் தாமாகவே பலிபீடங்களை நோக்கி ஓடினர். சிலர் தம் குழந்தைகளையும் தூக்கிச் சென்றனர். வேறு சிலர் பலியிடாமலே, அதிகாரிகளுக்குப் பணம் கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டனர். சிறைக்கும் வதைக்கும் அஞ்சாமல் விசுவாசத்தை அறிக்கையிட்டோரும் இருந்தனர். ஆனால், வீழ்ந்தோரின் தொகை மிகப் பெரிதாயிருந்தது.

சிப்பிரியான் எங்கே இருந்தார் என நீங்கள் கேட்கலாம். அவர் நகரை விட்டு மறைந்திருந்தார். அவரைச் சிங்கங்களுக்கு இரையாக்கும்படி மக்கள் கூச்சலிட்டனர். அவரது உடைமைகள் பறிமுதலாயின. தாம் அங்கிருந்தால் மக்கள் மீதான வெறி இன்னும் மூளும் என்பது அவரது கணிப்பு. ஆனால், எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஆடுகளை விட்டு ஓடும் கூலியாளைப் பற்றிய நற்செய்திப் பகுதியைச் சுட்டி, உரோமைக் குருக்களிடமிருந்து மறைமுகமாகக் குறைகூறும் கடிதமொன்றும் வந்தது. அவர் வெகுண்டெழவில்லை. மறைவிடத்திலிருந்து தம் மக்களுக்கும் குருக்களுக்கும் எழுதிய பதின்மூன்று கடிதங்களின் பிரதிகளை அனுப்பி, தாம் செய்து வந்த பணியை அவர்களுக்குக் காட்டினார். ஏழைகளுக்கும் சிறைப்பட்டோருக்கும் பணம் அனுப்பிக்கொண்டுமிருந்தார். பலவீனர் என்று பழிக்கப்படுவது எத்தகையது என்பதை அறிந்த ஒருவரே, பலவீனரைத் தீர்க்கும் பொறுப்பில் இருந்தார் என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

துன்பத்தின் வேகம் தணியத் தொடங்கியதும், வீழ்ந்தவர்கள் ஆலயத்தின் வாசலை நாடி வந்தனர். நற்கருணை வேண்டுமென்று கேட்டனர். இங்கேதான் இரண்டாவது சீட்டு வந்தது. விசுவாசத்துக்காகத் துன்புற்றோரின் மன்றாட்டுக்கு ஆற்றல் உண்டென அன்றைய திருச்சபை நம்பியது. ஆகவே வீழ்ந்தவர்கள் சிறைகளுக்குச் சென்று, அங்கிருந்தவர்களிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டனர். இரக்கம் கொண்டு அவர்களும் எழுதிக் கொடுத்தனர். நாளடைவில் அக்கடிதங்கள் அளவின்றிப் பெருகின. ஒருவருடைய பெயரை எழுதி, அவரோடு சேர்ந்தவர்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதப்பட்ட கடிதங்களும் உலவின. சேர்ந்தவர்கள் என்றால் பத்துப் பேரா, முப்பது பேரா? எவருக்கும் தெரியாது. ஆயரை எதிர்த்த குருக்கள் சிலர், அக்கடிதங்களைக் கண்டதும் எவ்விதத் தவமுமின்றி நற்கருணை வழங்கத் தொடங்கினர்.

முதற் சீட்டு கிறிஸ்துவை மறுதலித்ததற்குச் சான்று. இரண்டாவது சீட்டு அந்த மறுதலிப்பை ஒரே நாளில் மறக்கச் செய்யும் வழி. இரண்டுக்கும் மனித இதயம் தேவைப்படவில்லை. சிப்பிரியானை வருத்தியது இதுவே. சிறையில் இருந்தோரின் மன்றாட்டை அவர் அவமதிக்கவில்லை. ஆனால், பெயர் குறித்து, நேரில் அறிந்து, மனத்துயரைக் கண்டு எழுதுங்கள் என அவர்களைக் கேட்டுக்கொண்டார். காயத்தைத் திறந்து கழுவாமல் மேலே துணி சுற்றும் வைத்தியன் நோயாளிக்கு நண்பனல்ல என்பது அவரது உறுதி. அதேவேளை, பரிந்துரைக் கடிதம் பெற்றவர்கள் மரணத்தறுவாயில் இருந்தால், தாம் வரும்வரை காத்திராமல் அவர்களை ஒப்புரவாக்கும்படி குருக்களுக்கு அனுமதி வழங்கினார். மற்றவர்களின் காரியத்தை, அமைதி திரும்பியபின் ஆயர்கள் ஒன்றுகூடி, இறைமக்களின் முன்னிலையில் ஆராயட்டும் என்றார். இதை ஏற்காத ஒரு பிரிவினர் அவரை விட்டு விலகிச் சென்றனர்.

251ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் அவர் கார்த்தேஜுக்குத் திரும்பினார். அவ்வாண்டிலேயே உரோமையில் கொர்னேலியு பாப்பரசரானார். அங்கே எதிர்முனையிலிருந்து இன்னொரு புயல் எழுந்தது. நொவாசியான் என்னும் குருவானவர், விசுவாசத்தை மறுதலித்தவருக்குத் திருச்சபை ஒருபோதும் ஒப்புரவு வழங்கலாகாது என்று கூறி, தம்மையே போட்டி ஆயராக்கிக்கொண்டார். வியப்பு என்னவெனில், கார்த்தேஜில் எளிய மன்னிப்பை ஆதரித்த கூட்டத்தோடு நின்ற குரு ஒருவரே உரோமைக்குச் சென்று, இந்தக் கடுமையான கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். எல்லாவற்றையும் உடனே விட்டுவிடுவதும், எதையும் விட்டுக்கொடுக்க மறுப்பதும் ஒரே மனத்திலிருந்து வரக்கூடும். இரண்டிலும் பாவியோடு அமர்ந்து அவரது கதையைக் கேட்கும் பொறுமை தேவைப்படுவதில்லை.

கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அந்தப் பொறுமையைத் தேர்ந்துகொண்டனர். ஒவ்வொருவர் காரியமும் தனித்தனியே ஆராயப்பட வேண்டுமென முடிவு செய்தனர். சீட்டை மட்டும் வாங்கியோர் ஆராய்ந்தபின் ஏற்றுக்கொள்ளப்படலாம். பலியிட்டோர் நீண்ட தவத்தில் நிலைக்க வேண்டும். ஆனால், மரணவேளையில் அவர்களுக்கும் ஒப்புரவு மறுக்கப்படலாகாது. கொர்னேலியுவும் உரோமையில் இதே வழியைப் பின்பற்றினார்.

தனித்தனியே ஆராய்வது என்றால் என்ன என்பதைச் சிப்பிரியானின் கடிதங்கள் காட்டுகின்றன. முதல் அழைப்பிலேயே ஓடிச் சென்று பலியிட்டவரும், நெடுநேரம் போராடி இறுதியில் தளர்ந்தவரும் அவருக்கு ஒன்றல்ல. தன்னோடு மனைவி மக்களையும் இழுத்துச் சென்றவரும், தான் மட்டும் சென்று, அதனால் குடும்பம் முழுவதையும் காத்து, துரத்தப்பட்ட சகோதரர்களுக்கு வீட்டில் இடமும் கொடுத்தவரும் ஒன்றல்ல. தண்டனையைக் குறைப்பதற்காக மட்டும் அவர் இவ்வாறு வேறுபடுத்தவில்லை. அவரவர் செய்ததை அவரவரே உணர்ந்து, தம்முடையது என ஏற்றுக்கொள்ள வழி செய்தார். தம்மால் விழுந்தவர் யார், தம்மால் காக்கப்பட்டவர் யார் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. மூவரைப் பற்றி அயல் ஆயர்கள் ஆலோசனை கேட்டபோதும் அவரது உள்ளம் வெளிப்பட்டது. அம்மூவரும் முதல் வதையில் உறுதியாக நின்று, மீண்டும் மீண்டும் வதைக்கப்பட்டபின் தளர்ந்தவர்கள். மூன்று ஆண்டுகளாக அழுது தவம் செய்தவர்கள். அந்த மூன்று ஆண்டுகள் போதும் என்பதே அவர் கருத்தாயிருந்தது.

பிறிதொரு துன்பகாலம் நெருங்கும் அறிகுறிகள் தோன்றியபோது, நாற்பதுக்கும் மேற்பட்ட ஆயர்களோடு சேர்ந்து அவர் இன்னும் ஒரு படி முன்சென்றார். தவத்தில் நிலைத்திருந்த அனைவருக்கும் உடனே ஒப்புரவு வழங்கப்பட்டது. போருக்குச் செல்லும் வீரனை வெறுங்கையோடு அனுப்பலாகாது. கிறிஸ்துவின் திருவுடலாலும் திரு இரத்தத்தாலும் அவர்கள் திடம்பெறட்டும் என்பதே அதற்கான காரணம். சிலகாலம் முன்பு கடுமையாகத் தோன்றிய அதே ஆயர், இப்போது கதவை அகலத் திறந்தார். அவர் வேண்டியது மனமாற்றத்தையே. அது கிடைத்தபின் காலத்தை நீட்டுவதில் அவருக்கு விருப்பமில்லை.

ஆனால், கதவைத் திறப்பது ஆயரால் மட்டும் ஆகும் காரியமா? இல்லை என்பதை அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கின்றார். திரும்பி வந்த சிலரை ஏற்றுக்கொள்ள மக்களே மறுத்தனர். சிறைப்பட்டு, சொத்திழந்து, உறவுகளைப் பறிகொடுத்தவர்களின் அருகில், பணம் கொடுத்துத் தப்பியவர் வந்து நிற்பதை அவர்களால் தாங்கிக்கொள்ள இயலவில்லை. அவர்களது கோபத்துக்கு நியாயமில்லையென ஆயர் சொல்லவில்லை. அவர்களிடம் கெஞ்சி மன்றாடி, பெரும்பாடுபட்டே இணங்க வைத்தார். மக்களின் எதிர்ப்பையும் மீறி அவர் ஏற்றுக்கொண்ட ஓரிருவர், முன்னையிலும் மோசமாக நடந்து, மக்களின் அச்சம் சரியானதே எனக் காட்டியதும் உண்டு. மன்னிப்பு தோற்கக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார். அறிந்தும் மன்னிப்பதை நிறுத்தவில்லை. பிறருடைய குற்றங்களை வேண்டியதற்கும் மேலாக மன்னிப்பதால் தாமே குற்றவாளியாகி விடுகின்றாரோ என்று அஞ்சும் அளவுக்கு மன்னித்தார்.

இக்காலத்திலேயே கொடிய கொள்ளைநோய் நகரைத் தாக்கியது. மக்கள் தம் உறவினரையே வீதியில் விட்டு ஓடினர். சிப்பிரியான் இறைமக்களைக் கூட்டி, நோயுற்ற கிறிஸ்தவர்களோடு, நேற்று தங்களைத் துன்புறுத்தியோரையும் பராமரிக்கும்படி வேண்டினார். செல்வர் பொருளையும், ஏழைகள் உழைப்பையும் கொடுத்தனர். நுமீதியாவில் கொள்ளையர் கிறிஸ்தவர்களைச் சிறைப்பிடித்தபோது, அவர்களை மீட்பதற்குக் கார்த்தேஜ் சபை 100,000 செஸ்டர்ஸ் என்னும் உரோமை நாணயங்களைத் திரட்டி அனுப்பியது. சில ஆண்டுகளுக்கு முன் பலர் பணம் கொடுத்துத் தம்மைக் காத்துக்கொண்ட அதே சபை, இப்போது பணம் கொடுத்துப் பிறரைக் காத்தது.

குறையற்றவராக அவரை நாம் காட்ட வேண்டியதில்லை. திருச்சபைக்கு வெளியே பெற்ற திருமுழுக்குப் பற்றி பாப்பரசர் புனித ஸ்தேவானுடன் அவர் கடுமையாக முரண்பட்டார். பிற்காலத் திருச்சபை அவ்விடயத்தில் உரோமையின் நிலைப்பாட்டையே ஏற்றுக்கொண்டது. ஆயினும், அந்த முரண்பாட்டைச் சாட்டி அவர் தனிச்சபை அமைக்கவில்லை.

பேரரசர் வலேரியான் காலத்தில், 257ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆம் திகதி, அவர் விசாரிக்கப்பட்டு, குருபிஸ் என்னும் கடலோர ஊருக்கு நாடுகடத்தப்பட்டார். மறு ஆண்டு கார்த்தேஜுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். அவரை உத்திக்கா என்னும் வேறு நகருக்குக் கொண்டுசெல்ல ஆட்கள் அனுப்பப்பட்டபோது, மீண்டும் ஒருமுறை மறைந்துகொண்டார். இம்முறை உயிரைக் காப்பதற்காக அல்ல. ஓர் ஆயர் தம் மக்களின் நடுவிலேயே விசுவாசத்தை அறிக்கையிட வேண்டும் என்பதற்காகவே. ஆளுநர் கார்த்தேஜுக்கு வந்ததும் தம் தோட்ட வீட்டில் அமைதியாகக் காத்திருந்தார். 258ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி மரண தீர்ப்பு வழங்கப்பட்டது. மக்கள் திரளாகப் பின்தொடர்ந்தனர்; சிலர் மரங்களில் ஏறி நின்று பார்த்தனர். தம் தலையை வெட்டவிருந்தவனுக்கு 25 பொற்காசுகள் கொடுக்கும்படி சிப்பிரியான் தம்மவர்களுக்குக் கூறினார். பின்னர் தலை தாழ்த்தினார்.

அன்பார்ந்தவர்களே, நமது பங்குகளிலும் குடும்பங்களிலும் இவ்விரு சீட்டுக்களும் இன்றும் உலவுகின்றன. சபையின் பணத்தில் கைவைத்தவர், சகோதரனின் காணியை அபகரித்தவர், பொய் சொல்லி ஒருவரின் பெயரைக் கெடுத்தவர் ஆகியோர், நடந்தது நடந்துவிட்டது என்ற ஒரு சொல்லோடு முன்வரிசைக்கு வந்துவிட விரும்புகின்றனர். காயப்பட்டவரிடம், நீ கிறிஸ்தவன் அல்லவா, மன்னித்துவிடு என்று நாமும் அவசரப்படுத்துகின்றோம். மறுபுறம், உண்மையாகவே மனம் வருந்தி, பறித்ததைத் திருப்பிக் கொடுத்து, ஆண்டுக்கணக்காகப் பின்வரிசையில் நிற்கும் ஒருவரின் முகத்தைப் பார்க்கவும் மறுக்கின்றோம்.

நீங்கள் தவறு செய்தவராயின், ஒப்புரவு அருளடையாளத்தை அணுகுமுன் சிப்பிரியானின் கேள்வியை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். என்னால் விழுந்தவர் யார்? அவருக்கு நான் திருப்பிக் கொடுக்க வேண்டியது என்ன? நீங்கள் காயப்பட்டவராயின், உங்கள் கண்ணீரை எவரும் அவசரப்படுத்த உரிமையில்லை. ஆனால், வாசலில் நிற்பவரின் மனமாற்றத்தைக் காணும்போது, கெஞ்சிக் கேட்ட அந்த ஆயரின் குரலுக்கும் செவிகொடுங்கள். நீங்கள் குடும்பத்தில், பங்கில், சபையில் பொறுப்பு வகிப்பவராயின், இரு பக்கத்தாரின் கதையையும் கேட்கும் பொறுமையை ஆண்டவரிடம் வேண்டுங்கள்.

அடுத்தமுறை திருப்பலியில் கொர்னேலியு, சிப்பிரியான் என்ற பெயர்களைக் கேட்கும்போது, நீங்கள் இன்னும் ஒப்புரவாகாத ஒருவரின் பெயரையும் அவற்றோடு சேர்த்து, இறைவன் திருமுன் மௌனமாக வையுங்கள்.