அகத்திய மலையில் ஒரு காந்த ஊசி

திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் இசைக்கு ஆற்றிய தொண்டை அறியாதார் இலர். அம்மன்னரே 1837-இல் திருவனந்தபுரத்தில் வானாய்வுக் கூடம் ஒன்றையும் நிறுவினார் என்பதைப் பலரும் மறந்துவிட்டனர். அதன் முதல் இயக்குநர் கால்டிகாட் 1849-இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பொறுப்பை ஏற்க 1852 ஜனவரியில் வந்து சேர்ந்தவர் ஜான் ஆலன் பிரௌன்.

1817-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த பிரௌன், அங்கே மேக்கர்ஸ்டன் என்னும் ஊரிலிருந்த காந்த ஆய்வுக்கூடத்தில் 1842 முதல் பணியாற்றித் தேர்ந்தவர். நூலில் கட்டித் தொங்கவிட்ட காந்த ஊசி ஒருபோதும் அசையாது நிற்பதில்லை. நாள்தோறும் அது கிழக்கும் மேற்குமாகச் சிறிதே திரும்புகிறது. ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் அவற்றுள் சில பங்குகளே அந்த அசைவு. காலையில் வடகோளத்தில் ஊசியின் வடமுனை கிழக்கே சாய்ந்தால், தென்கோளத்தில் மேற்கே சாயும். அவ்வாறாயின் இரண்டிற்கும் இடைப்பட்ட பகுதியில் ஊசி அசையாமல் நிற்குமோ? அப்படி ஒரு கோடு இருக்கலாம் என்று ஐரோப்பிய அறிஞர் சிலர் கருதினர். காந்த நடுக்கோட்டை ஒட்டிய திருவனந்தபுரம் இதைச் சோதிக்க மிகப் பொருத்தமான இடம். (இதே காரணம் பற்றியே பின்னாளில் அருகிலுள்ள தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டு, 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது.)

பிரௌனும் அவரிடம் பயிற்சி பெற்ற உள்ளூர் உதவியாளர்களும் இரவு பகலாக, மணிக்கு மணி அளவெடுத்தனர். ஊசி நிற்கவில்லை! ஆண்டின் ஒரு பகுதியில் அது வடகோளத்தின் வழியையும், மறுபகுதியில் தென்கோளத்தின் வழியையும் பின்பற்றியது. செயிண்ட் ஹெலினாத் தீவில் முன்பே கண்ட உண்மை இங்கும் உறுதியாயிற்று.

உயரம் கூடினால் இவ்வசைவு மாறுமோ என்ற ஐயம் அடுத்து எழுந்தது. தமிழ் முனிவர் உறைவதாக நாம் போற்றும் அகத்திய மலையின் உச்சியில், ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், 1855-இல் ஓர் ஆய்வுக்கூடம் எழும்பியது. காட்டு விலங்குகள் நடமாடும் அடர்ந்த வனத்தினூடே நுண்ணிய கருவிகளை மனிதர்களே சுமந்து ஏற வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் அந்த முகடு எப்படி இருக்கும் என்பதை மலையேறியோர் அறிவர்.

தொலைதூர நிலையங்களின் அளவுகளை ஒப்பிட்ட பிரௌன், பூமியின் காந்த வலிமை ஓரிடத்தில் மட்டுமன்றி உலகெங்கும் ஒருசேரக் கூடிக் குறைவதைக் கண்டார். சில கலக்கங்கள் ஏறக்குறைய 26 நாட்களுக்கு ஒருமுறை திரும்ப வந்தன. சூரியன் தன்னைத்தானே சுற்றுவதே அதற்குக் காரணம் என அவர் துணிந்தார். சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டம் பற்றி எவரும் அறிந்திராத காலம் அது! இன்றைய கணக்கில் அந்த இடைவெளி சுமார் 27 நாட்கள்.

திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் தொடக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. எனினும் அவர் உள்ளம் அளவுகளிலேயே இருந்தது. 1865-இல் அவர் ஐரோப்பா திரும்பிய பின்னும் உதவியாளர்கள் பணியைக் கைவிடவில்லை. 1869 வரையிலான பதிவுகளுடன் முதல் தொகுதி 1874-இல் லண்டனில் வெளிவந்தது. 1878-இல் ராயல் சொசைட்டி அவருக்கு அரச பதக்கம் வழங்கியது. எஞ்சிய கணக்குகள் முடியுமுன்பே, 1879 நவம்பரில், பிரௌன் லண்டனில் காலமானார்.