விலங்கு ஒடிந்த கதை: டாக்டர் பினேல் வாழ்க்கை வரலாறு

பிரான்சு நாட்டில் புகழ் பெற்ற ஓவியம் ஒன்று உண்டு. 1876-ம் ஆண்டில் ரோபேர் பிளெரி என்ற ஓவியர் வரைந்தது.

பாரிசில் ஓர் ஆஸ்பத்திரி முற்றம். தலைவிரி கோலமாகப் பல பெண்கள். சிலர் தரையில் கிடக்கிறார்கள். நடுவே ஓர் இளம்பெண் எங்கேயோ பார்த்தபடி நிற்கிறாள். அவள் உடம்பில் பூட்டிய இரும்பை ஓர் ஆள் கழற்றுகிறான். பக்கத்தில் நீண்ட கோட்டு அணிந்த பெரியவர் ஒருவர் நின்று பார்க்கிறார். ஒரு பெண் அவர் கையை முத்தமிடுகிறாள்.

அந்தப் பெரியவர்தான் டாக்டர் பிலிப் பினேல்.

மனநோயாளிகளின் விலங்கை உடைத்தவர் என்று உலகம் அவரைப் புகழ்கிறது. ஆனால், அந்த விலங்கை முதலில் கழற்றிய கை அவருடையது அல்ல. அது ஒரு தோல் பதனிடும் தொழிலாளியின் கை. இதை ஒளிக்காமல் எழுதி வைத்தவர் பினேலேதான். அவருடைய பெருமையும் அங்கேதான் இருக்கிறது.

பாதிரியார் படிப்பு

பினேல் 1745-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந் தேதி பிறந்தார். பிரான்சின் தெற்கே ஒரு சிறிய கிராமம். தகப்பனார் ரண வைத்தியர். வீட்டில் பிள்ளைகள் பலர். இவர் மூத்தவர்.

மூத்த மகனைப் பாதிரியார் ஆக்கவேண்டும் என்பது குடும்பத்தின் ஆசை. பினேலும் பாதிரியார்களிடம் படித்தார். பிறகு துலூஸ் நகரில் வேத சாஸ்திரம் பயின்றார். ஆனால் மனம் அதில் ஒட்டவில்லை. 1770-ம் ஆண்டில், 25-வது வயதில், அந்தப் படிப்பை விட்டுவிட்டு வைத்தியப் படிப்பில் சேர்ந்தார். 1773-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

பட்டம் வந்தது, பிழைப்பு வரவில்லை. மோன்பெலியே நகருக்குப் போய் மேலும் நான்கு ஆண்டுகள் படித்தார். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வயிற்றைக் கழுவினார். 1778-ம் ஆண்டில் பாரிசுக்கு வந்து சேர்ந்தார். அப்போது வயது 33.

பாரிசில் பெரிய ஏமாற்றம் காத்திருந்தது. வெளியூரில் வாங்கிய பட்டம் அங்கே செல்லாது. அதை வைத்துக்கொண்டு தொழில் செய்ய முடியாது. ஏழை டாக்டர்களுக்கு உதவும் பரிசுப் போட்டி ஒன்று இருந்தது. அதில் வென்றால் வழி திறக்கும். பினேல் இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் தோற்றார்.

ஏறக்குறைய 15 ஆண்டுகள் இப்படியே ஓடின. கணக்கு வாத்தியாராக இருந்தார். ஆங்கில வைத்திய நூல்களை மொழிபெயர்த்தார். ஒரு சுகாதாரப் பத்திரிகைக்கு ஆசிரியராக வேலை பார்த்தார். ஊர் விட்டு ஊர் வந்து, படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல், கிடைத்த வேலையைச் செய்தவர்களுக்கு இந்தக் கஷ்டத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நண்பனின் முடிவு

இந்தக் காலத்தில்தான் அவர் வாழ்க்கையை மாற்றிய துயரம் நடந்தது.

அவருக்கு ஓர் இளம் நண்பன் இருந்தான். சட்டம் படிக்கக் கிராமத்தில் இருந்து பாரிசுக்கு வந்தவன். அறையிலேயே அடைந்து கிடந்து இரவு பகலாகப் படித்தான். சரியாகச் சாப்பிடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவன் புத்தி தடுமாறியது. பினேல் எவ்வளவோ முயன்றும் காப்பாற்ற முடியவில்லை. வீட்டார் அவனை ஊருக்கு அழைத்துப் போனார்கள். அங்கிருந்து ஒரு நாள் காட்டுக்குள் ஓடிவிட்டான். பிறகு பிணமாகத்தான் கண்டெடுத்தார்கள்.

காய்ச்சலுக்கு வைத்தியம் இருக்கிறது. முறிந்த காலுக்குக் கட்டு இருக்கிறது. இந்த நோய்க்கு ஏன் ஒன்றும் இல்லை? இந்தக் கேள்வி பினேலை விடவில்லை. மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் ஒரு தனியார் விடுதியில் சேர்ந்தார். அங்கே சுமார் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தார். நோயாளிகளோடு பேசினார். பார்த்ததை எல்லாம் குறித்து வைத்தார்.

4 ஆயிரம் பேர் கூடாரம்

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1793 ஜனவரியில் மன்னர் 16-ம் லூயியின் தலை வெட்டப்பட்டது. பழைய சட்டங்கள் சரிந்தன. பழைய தடைகளும் சரிந்தன. புதிய அரசில் பினேலுக்கு நண்பர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் பிசேத்ர் ஆஸ்பத்திரி டாக்டராக அவர் பொறுப்பேற்றார். 48-வது வயதில் கிடைத்த முதல் பெரிய உத்தியோகம்!

பிசேத்ர் என்றால் பாரிஸ் மக்கள் நடுங்குவார்கள். பெயருக்குத்தான் அது ஆஸ்பத்திரி. ஏறக்குறைய 4 ஆயிரம் ஆண்கள் அங்கே அடைபட்டிருந்தார்கள். கிழவர்கள், பிச்சைக்காரர்கள், மேகநோய்க்காரர்கள், குற்றவாளிகள் எல்லோரும் ஒரே வளாகத்தில். அவர்களில் சுமார் 200 பேர் மனநோயாளிகள்.

அந்தக் காலத்தில் மனநோய்க்குச் செய்த வைத்தியம் பயங்கரமானது. நரம்பைக் கீறி ரத்தத்தை வெளியேற்றுவார்கள். பேதி மருந்து கொடுப்பார்கள். எதிர்பாராமல் பச்சைத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் சங்கிலி. ஆண்டுக்கணக்கில் சுவரோடு கட்டப்பட்டுக் கிடந்தவர்களும் உண்டு.

பினேல் உள்ளே நுழைந்தார். ஆனால் மனநோயாளிகள் வார்டில் அவர் நினைத்தது போல் எல்லாம் இருட்டாக இல்லை. அங்கே ஏற்கனவே ஒருவர் விளக்கு ஏற்றியிருந்தார்.

தோல் தொழிலாளி பூசேன்

அவர் பெயர் பூசேன். பினேல் பிறந்த அதே 1745-ம் ஆண்டில் பிறந்தவர். தோல் பதனிடுவது தொழில். கழுத்தில் கண்டமாலை நோய் கண்டு, 1771-ம் ஆண்டில் இதே பிசேத்ரில் நோயாளியாகச் சேர்ந்தார். நோய் குணமாயிற்று. அங்கேயே வேலைக்கு அமர்ந்துவிட்டார். முதலில் சிறுவர்கள் பகுதியைப் பார்த்துக்கொண்டார். பிறகு மனநோயாளிகள் வார்டுக்கு மேற்பார்வையாளர் ஆனார்.

வைத்தியப் படிப்பு கிடையாது. பட்டம் கிடையாது. ஆனால் வார்டிலேயே வாழ்ந்தார். அவர் மனைவி மார்கரீத்தும் கூடவே பணி செய்தார். எந்த நோயாளிக்கு எப்போது வெறி ஏறும், எதைச் சொன்னால் அடங்குவான், எதைச் சொன்னால் பொங்குவான் என்பதெல்லாம் கணவன், மனைவி இருவருக்கும் அத்துப்படி.

டாக்டர் வந்ததும் மேற்பார்வையாளர் கை கட்டி நிற்பதுதான் வழக்கம். இங்கே வழக்கம் தலைகீழாயிற்று. டாக்டர் மாணவர் ஆனார். தினமும் பூசேனோடு வார்டைச் சுற்றினார். ஒவ்வொரு நோயாளியின் அருகிலும் உட்கார்ந்தார். கேட்டார். எழுதினார். தான் படித்த புத்தகங்களை விடப் பூசேனின் அனுபவம் பெரியது என்பதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்.

கை ஓங்கக்கூடாது

பூசேன் வகுத்த விதிகளில் முதல் விதி, நோயாளியை அடிக்கக்கூடாது. நோயாளி அடித்தாலும் திருப்பி அடிக்கக்கூடாது. மீறி அடித்த ஊழியருக்கு வேலை போய்விடும்.

அப்படியானால் வெறி பிடித்துப் பாய்கிறவனை என்ன செய்வது? ஒருவர் மட்டும் போய் மல்லுக்கு நிற்கக்கூடாது. பலர் சேர்ந்து, சத்தம் போடாமல் சுற்றி வரவேண்டும். காயம் படாமல் பிடிக்கவேண்டும். அமைதியானதும் விட்டுவிடவேண்டும். அதற்குப் பிறகு தண்டனை இல்லை. செய்தது அவன் அல்ல, நோய் என்பது கணக்கு.

இரண்டாவது, ஊழியர்களைத் தேர்ந்தெடுத்த விதம். குணமாகி வந்த நோயாளிகளையே பூசேன் ஊழியர்களாகச் சேர்த்துக்கொண்டார். தானும் ஒரு காலத்தில் அதே ஆஸ்பத்திரியில் நோயாளியாகக் கிடந்தவர் அல்லவா! வலி தெரிந்தவன் கை ஓங்கமாட்டான் என்பது அவருக்குத் தெரியும்.

மூன்றாவது, சாப்பாடு. சாப்பிட மறுக்கும் நோயாளிகளிடம் மார்கரீத் பொறுமையாகப் பேசி, சிரிக்க வைத்து, சாப்பிட வைத்துவிடுவார். இதைப் பினேல் வியந்து எழுதியிருக்கிறார். புரட்சிக்காலப் பஞ்சத்தில் ரொட்டியின் அளவு குறைந்தபோது நோய் முற்றியதையும், சாவு அதிகரித்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். பசித்த வயிற்றுக்கு மன வைத்தியம் பலிக்காது என்பது அவர் கண்ட பாடம்.

நான்காவது, வகை பிரித்து வைப்பது. கத்துகிறவர்கள் ஒரு பக்கம். சோகத்தில் ஆழ்ந்தவர்கள் ஒரு பக்கம். தேறி வருகிறவர்கள் இன்னொரு பக்கம். தேறியவன் மறுபடி கூச்சலுக்கு நடுவே கிடந்தால் மறுபடி கெடுவான்.

ஐந்தாவது, வேலை. சும்மா இருப்பது நோயை வளர்க்கும். கை வேலையில் இருந்தால் மனம் கட்டுக்குள் வரும்.

இன்று மனநோய் வார்டில் பயிற்சி பெறும் நர்சுகள் பாடமாகப் படிப்பது என்ன? நோயாளியைக் கவனித்துப் பார். காது கொடுத்துக் கேள். அவனுக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்து வராமல் காப்பாற்று. சோறு, தூக்கம், குளியல் மூன்றும் முறையாக நடக்கிறதா பார். நம்பிக்கையைச் சம்பாதி. பார்த்ததை எழுதி வை. மருந்துகள் பல வந்துவிட்டன. ஆனால் இந்த அடிப்படையில் பெரும்பகுதி பிசேத்ர் வார்டிலேயே இருந்தது.

தையற்காரர் கதை

பினேல் எழுதி வைத்த நோய்க் குறிப்புகளில் ஒன்று பாரிஸ் தையற்காரர் ஒருவரைப் பற்றியது.

மன்னருக்கு மரண தண்டனை கொடுத்தது சரியல்ல என்று அவர் யாரிடமோ சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் அப்படிப் பேசினால் ஆபத்து. தன் தலையையும் வெட்டப் போகிறார்கள் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. தூக்கம் போயிற்று. சாப்பாடு போயிற்று. பிசேத்ரில் கொண்டுவந்து சேர்த்தார்கள். கொலைக் களத்துக்கு எப்போது அழைப்பார்களோ என்று தரையில் கிடந்தார்.

பினேல் அவரிடம் ஊசியும் நூலும் கொடுத்தார். மற்ற நோயாளிகளின் கிழிந்த துணிகளைத் தைக்கச் சொன்னார். அதற்குக் கூலியும் ஏற்பாடு செய்தார். ஆச்சரியம்! தையற்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாள் முழுவதும் தைத்தார். முகம் தெளிந்தது. வீட்டை நினைத்துக்கொண்டார்.

பிறகு அந்த வேலை நின்றுபோயிற்று. பயம் திரும்பி வந்தது.

பினேல் வேறு வழியை யோசித்தார். இளம் டாக்டர்கள் சிலரை நீதிபதிகள் போல் வேடம் போட வைத்தார். அவர்கள் வந்து விசாரித்து, தையற்காரர் குற்றமற்றவர் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அவர் தேறினார். ஆனால் அது நாடகம் என்று யாரோ அவரிடம் உளறிவிட்டார்கள். அவ்வளவுதான். பழைய நிலைக்கே போய்விட்டார்.

இந்தத் தோல்வியையும் பினேல் மறைக்கவில்லை. அந்தத் தையற்காரரை நிமிர வைத்தது அவருக்குத் தெரிந்த தொழிலும், அதற்குக் கிடைத்த கூலியும். அவரை மறுபடி சாய்த்தது ஒரு பொய்.

விலங்கு கழன்றது

1795-ம் ஆண்டில் பினேல் சால்பெத்ரியேர் என்ற பெண்கள் ஆஸ்பத்திரிக்குத் தலைமை டாக்டராகப் போனார். பூசேன் பிசேத்ரிலேயே இருந்தார்.

1797-ம் ஆண்டில் பூசேன் துணிந்து ஒரு காரியம் செய்தார். தன் வார்டில் இருந்த சங்கிலிகளை எல்லாம் கழற்றிவிட்டார். பினேல் அப்போது அங்கே இல்லை.

கட்டுப்பாடே இல்லை என்று சொல்ல முடியாது. மிக முரண்டு பிடிப்பவர்களுக்குக் கைகளை அசைக்க முடியாதபடி கட்டும் முரட்டுத் துணிச் சட்டை போட்டார்கள். அதுவும் ஒரு கட்டுத்தான். ஆனால் அதைத் தேவை தீர்ந்ததும் கழற்றலாம். சங்கிலி அப்படி அல்ல. ஒரு முறை பூட்டினால் ஆயுளுக்கும் மறந்துவிடுவார்கள்.

புதிய ஆஸ்பத்திரியில் பினேல் தடுமாறினார். நல்ல மேற்பார்வையாளர் இல்லாமல் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது என்பது தெரிந்தது. பூசேனைத் தன்னிடம் அனுப்பும்படி மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். 1802-ல் பூசேனும் மனைவியும் அங்கே வந்து சேர்ந்தார்கள். அந்த ஆஸ்பத்திரியிலும் சங்கிலிகள் ஒழிந்தன.

இதற்கு முன்பே, 1801 வாக்கில், மனநோய் பற்றிப் பினேல் எழுதிய புத்தகம் வெளிவந்துவிட்டது. அது உலகப் புகழ் பெற்றது. 1809-ல் அதை விரிவுபடுத்தி மறுபடி வெளியிட்டார். பிசேத்ரில் சங்கிலியை நீக்கியவர் பூசேன்தான் என்று அதில் தெளிவாக எழுதினார்.

ஆனாலும் ஊர் அப்படிச் சொல்லவில்லை. பினேலின் மகனும் மாணவர்களும் கதையை வேறு விதமாகச் சொன்னார்கள். ஓவியர்கள் அதையே வரைந்தார்கள். தோல் தொழிலாளிக்காக எழுத யாரும் இல்லை. 20-ம் நூற்றாண்டில் ஆராய்ச்சியாளர்கள் பழைய காகிதங்களைத் தேடிப் படித்த பிறகே பூசேன் பெயர் வெளிச்சத்துக்கு வந்தது.

கடைசிக் காலம்

பூசேன் 1811-ல் காலமானார்.

பினேல் குறையே இல்லாதவர் அல்ல. அடங்காத நோயாளிகளை மிரட்டிப் பணிய வைப்பதும், தலையில் குளிர்ந்த நீரைப் பாய்ச்சுவதும் அவர் வைத்தியத்தில் இருந்தன. பின்னால் வந்தவர்கள் அதைக் கண்டித்தார்கள். ஆனால் மனநோயாளியோடு பேச முடியும், அவன் குணமாக முடியும் என்று டாக்டர்களை நம்ப வைத்தவர்களில் அவர் முன்வரிசையில் நிற்கிறார்.

அவர் வைத்தியக் கல்லூரிப் பேராசிரியராகவும் பல ஆண்டுகள் இருந்தார். 1822-ல் அரசு அந்தக் கல்லூரியை மூடி, பேராசிரியர்கள் பலரை நீக்கியது. முதுமையில் பினேலும் பதவி இழந்தார். 1826-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி, 81-வது வயதில் கண் மூடினார். சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரிக்கு முன்னால் 1885-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

பிசேத்ரில் சங்கிலி கழன்று 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்ததைத் தமிழர்கள் மறந்திருக்க முடியாது. அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். மனநோயாளிகளை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக்கூடாது என்று 2017-ம் ஆண்டு இந்தியச் சட்டம் தடை செய்கிறது.

சட்டம் சங்கிலியைத் தடுக்கும். ஆனால் நள்ளிரவில் ஒரு நோயாளி அலறும்போது டாக்டர் பக்கத்தில் இருக்கமாட்டார். சட்டப் புத்தகமும் இருக்காது. வார்டில் இருக்கும் நர்சும் ஊழியரும்தான் இருப்பார்கள். வீட்டில் என்றால் தாயோ, மனைவியோ, அண்ணனோ இருப்பார்கள். அப்போது கை ஓங்குமா, தோளைத் தொடுமா என்பதில்தான் அந்த நோயாளியின் கதி இருக்கிறது. பூசேனிடம் பினேல் கற்றுக்கொண்டது அதுதான்.