நம் தொகுதியில் வென்றவர், நம் தொகுதியிலேயே தோற்றவர்

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்றதும், மெஷின், புரொடக்‌ஷன் என்று எழுதி உங்களைச் சோதிக்க மனம் வரவில்லை. நான் சேரப்பணஞ்சேரியில் குடியிருந்து ஒரகடத்தில் வேலை பார்ப்பவன். ஸ்ரீபெரும்புதூர் என்றதும் இன்றைய மாணவர்களுக்குக் கார் கம்பெனிதான் ஞாபகம் வரும். ஒரு முதலமைச்சரின் சொந்தத் தொகுதி அது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்தான் எம். பக்தவத்சலம்.

பிறந்தது 1897ல், பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டையில். நாம் சென்னைக்குப் பஸ்ஸில் போகும்போது தாண்டிப் போகிற அதே ஊர். சின்ன வயசிலேயே தகப்பனாரை இழந்து, மாமன்மார் ஆதரவில் வளர்ந்தார். சட்டம் படித்து 1923ல் சென்னை உயர்நீதிமன்ற வக்கீலானார். கறுப்புக் கோட்டோடு இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் காங்கிரஸ் இழுத்தது. 1930ல் வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகம், 1942ல் ஆகஸ்ட் போராட்டம் என்று சிறைவாசமும் சேர்ந்துகொண்டது.

1937 தேர்தலில் திருவள்ளூரிலிருந்து சட்டசபைக்குள் நுழைந்தார். ராஜாஜி ஆட்சியில் பார்லிமெண்டரி செக்ரட்டரி, ஓமந்தூரார் ஆட்சியில் பொதுப்பணி அமைச்சர். காமராஜர் அமைச்சரவையில் விவசாயம், உள்துறை, நிதி, கல்வி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். 1957லும் 1962லும் ஸ்ரீபெரும்புதூர் மக்கள் அவரை ஜெயிக்க வைத்தார்கள். கட்சிப் பணிக்காகக் காமராஜர் பதவி விலகியபோது, 1963 அக்டோபர் 2 அன்று முதலமைச்சரானார்.

ஃபைலைப் படித்து, சட்டத்தைப் பார்த்து, முடிவெடுத்தால் அதில் நிற்பது அவர் சுபாவம். நிர்வாகத்துக்கு அது பெரிய பலம். ஆனால் எல்லா நேரத்துக்கும் அது போதுமா?

கன்னியாகுமரிப் பாறையில் விவேகானந்தர் மண்டபம் பெரிதாக எழும்ப அவர் முதலில் சம்மதிக்கவில்லை. 300க்கும் மேற்பட்ட எம்.பி.க்கள் கையெழுத்திட்டுக் கேட்ட பிறகு இசைந்தார். 1970ல் மண்டபம் திறக்கப்பட்டது. அங்கே வளைந்து கொடுத்தவர், 1965ல் வளையவில்லை.

அந்த ஆண்டு ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகும் என்ற நிலை வந்ததும், மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். நம்மைப் போல ஹாஸ்டலில் தங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டுப் படித்த பிள்ளைகள்தான். அரசு அதைச் சட்டம் ஒழுங்குப் பிரச்னையாக மட்டுமே பார்த்தது. ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். போராட்டம் ஓய்வதற்குள் அரசுக் கணக்கிலேயே சுமார் 70 உயிர்கள் போயின. சி. சுப்பிரமணியம், ஓ.வி. அழகேசன் என்ற இரு மத்திய அமைச்சர்களே ராஜினாமா கொடுத்தார்கள். பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதி சொன்ன பிறகுதான் கொஞ்சம் தணிந்தது.

அதோடு அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்தது. 1967 தேர்தலில் ஸ்ரீபெரும்புதூரிலேயே தி.மு.க.வின் டி. ராஜரத்தினத்திடம் முதலமைச்சர் தோற்றார். அந்தப் பக்கம் விருதுநகரில் காமராஜரும் தோற்றார். பக்கத்துக் காஞ்சிபுரத்துக்காரரான அண்ணா மார்ச் 6 அன்று பதவியேற்றார். அதன்பின் ஒதுங்கி வாழ்ந்த பக்தவத்சலம் 1987ல் காலமானார். கிண்டியில் காமராஜர் நினைவிடத்துக்கு அருகிலேயே அவருக்கும் நினைவிடம் இருக்கிறது.

அவரைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. சிறை சென்றவர், உழைப்பாளி, நிர்வாகம் தெரிந்தவர். முப்பது வருஷ அனுபவம் இருந்தும், இருபது வயசுப் பிள்ளைகளின் மனசு அவருக்கு எட்டவில்லை. அவ்வளவுதான்.

நம்மில் பலர் இன்று மேனேஜர்கள். ஷாப் ஃப்ளோரிலிருந்து ஒரு சின்னக் கூட்டம் வந்து நின்றால், முதலில் ரூல் புத்தகத்தைத்தான் எடுக்கிறோம். ரூல் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் முதலில் உட்கார வைத்து, என்னப்பா விஷயம் என்று கேட்போம். மாணவத் தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் அந்த நாற்காலிக்கு வருவீர்கள். அப்போது இந்த ஸ்ரீபெரும்புதூர் கதை ஞாபகம் இருக்கட்டும்.