தாமஸ் ஆர்தர் லாலி

தாமஸ் ஆர்தர் லாலி (சனவரி 1702 – மே 9, 1766), ஏழாண்டுப் போரின்போது இந்தியாவில் பிரெஞ்சுப் படைகளுக்குத் தலைமை தாங்கிய தளபதி ஆவார். தமிழகப் பாடநூல்களில் இவர் கவுண்ட் டி லாலி என அறியப்படுகிறார். வந்தவாசிப் போரில் தோற்றவர் என்பதே இவரைப் பற்றிப் பலரும் அறிந்த செய்தி. ஆனால் இவரது வீழ்ச்சியில் ஆங்கிலேயருக்கு இருந்த பங்கிற்குச் சற்றும் குறையாத பங்கு புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர்களுக்கும் உண்டு.

இளமை

பிரான்சின் தொஃபினே பகுதியிலுள்ள ரோமான் நகரில் பிறந்தார். தந்தை, அயர்லாந்திலிருந்து புலம்பெயர்ந்து பிரெஞ்சு அரசரின் ஐரியப் படைப்பிரிவில் பணியாற்றியவர். 1745 இல் ஃபோன்டனுவா போர்க்களத்தில் காட்டிய வீரத்திற்காகப் பதினைந்தாம் லூயி இவருக்கு அங்கேயே பதவி உயர்வு அளித்தார். அயர்லாந்தில் தம் குடும்பம் இழந்தவற்றை எண்ணி ஆங்கிலேயரை வெறுத்தார். துணிவும் நேர்மையும் உடையவர், முன்கோபி. இந்தியாவைப் பற்றி ஏதும் அறியாதவர்.

இந்தியாவிற்கு வருகை

1757 மே மாதம் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட லாலி, ஏறத்தாழ ஓராண்டுப் பயணத்திற்குப் பின் 1758 ஏப்ரல் 28 அன்று புதுச்சேரியை அடைந்தார். ஆங்கிலேயரை விரட்டுவதோடு, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகளின் ஊழலை ஒடுக்கும் பொறுப்பும் இவரிடம் தரப்பட்டிருந்தது. பகை இதிலிருந்தே தொடங்கியது. குடியேற்றவாசிகளில் பலர் வரிவசூல் குத்தகையிலும் சொந்த வணிகத்திலும் செல்வம் சேர்த்தவர்கள். பாரிசிலிருந்து தங்களைத் தணிக்கை செய்ய வந்தவராகவே லாலியை அவர்கள் கண்டனர். லாலியோ ஆளுநர் லேரியையும் ஆலோசனைக் குழுவினரையும் திருடர்கள் என்றே கருதினார். அதை மறைக்கவும் இல்லை.

வந்த உடனேயே கடலூரை நோக்கிப் படை அனுப்பினார். உணவும் வண்டிகளும் வழிகாட்டிகளும் ஆயத்தமாக இல்லை. சுமை தூக்க ஆள் கிடைக்காதபோது, சாதி பாராமல் எல்லோரையும் வலிந்து பிடித்து வேலை வாங்கினார். அக்காலச் சமூகத்தில் இது பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. எனினும் 1758 சூன் 2 அன்று புனித டேவிட் கோட்டை இவர் வசமானது.

தஞ்சைப் படையெடுப்பு

அடுத்துச் சென்னையைத் தாக்கப் பணம் இல்லை. கும்பினியின் கருவூலம் வெறுமையாக இருந்தது. தஞ்சை மன்னர் முன்பு சந்தா சாகிபுக்கு எழுதிக் கொடுத்த 56 இலட்சம் ரூபாய்க் கடன் பத்திரம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அதை வசூலிக்கத் தஞ்சையின் மீது படையெடுத்தார். வழியில் நாகூரைச் சூறையாடும் உரிமையைத் தம் குதிரைப்படை அதிகாரி ஒருவருக்கு விலைக்கு விட்டார். கீவளூர்க் கோயிலைக் குடைந்து புதையல் தேடியதோடு, ஒற்றர்கள் எனக் கருதி ஆறு பிராமணர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். இச்செயலை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது. முற்றுகையும் வெற்றி பெறவில்லை. ஆகத்து மாதத்தில் வெறுங்கையுடன் திரும்பினார்.

ஐதராபாத்தில் செல்வாக்குடன் இருந்த தளபதி புஸ்ஸியை லாலி திரும்ப அழைத்ததும் குடியேற்றவாசிகளுக்குப் பிடிக்கவில்லை. 1758 திசம்பர் முதல் 1759 பெப்ரவரி வரை நடந்த சென்னை முற்றுகை, ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர்ந்ததால் கைவிடப்பட்டது. இச்செய்தி புதுச்சேரியில் மகிழ்ச்சியோடு வரவேற்கப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். 1759 அக்டோபரில் பல மாதச் சம்பள நிலுவைக்காகப் பிரெஞ்சு வீரர்களே கலகம் செய்தனர்.

உத்திரமேரூரும் வந்தவாசியும்

1759 நவம்பர் இறுதியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் வந்தவாசிக் கோட்டையைக் கைப்பற்றினார். அதை மீட்க விரும்பிய லாலி, எதிரியின் கவனத்தைத் திருப்பக் காஞ்சிபுரத்திற்குள் புகுந்து கொள்ளையிட்டார். பிறகு விரைந்து வந்தவாசிக்குச் சென்று கோட்டையை முற்றுகையிட்டார். கூட் உடனே போரிடவில்லை. உத்திரமேரூரில் பாசறை அமைத்துக் காத்திருந்தார். சோழர் காலக் குடவோலைக் கல்வெட்டால் புகழ் பெற்ற இவ்வூர், வந்தவாசியிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. செங்கல்பட்டுடன் தொடர்பு அறுபடாமல் இருக்கவும் லாலியின் அசைவுகளைக் கண்காணிக்கவும் இது ஏற்ற இடம். முற்றுகையில் லாலி முழுமையாக ஈடுபட்ட பின்னரே கூட் அங்கிருந்து நகர்ந்தார்.

1760 சனவரி 22 அன்று போர் நடந்தது. பிரெஞ்சு அரணுக்குள் இருந்த வெடிமருந்து வண்டி குண்டு பட்டு வெடித்தது; பலர் மாண்டனர், மற்றவர்கள் ஓடினர். புஸ்ஸி சிறைபிடிக்கப்பட்டார். லாலியுடன் வந்திருந்த மராத்தியக் குதிரைப்படை போரில் இறங்கவேயில்லை.

புதுச்சேரியின் வீழ்ச்சி

1760 இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டனர். பட்டினி மிகுந்தபோது, நவம்பர் மாதத்தில் லாலி உள்ளூர் மக்கள் ஏறத்தாழ 1,400 பேரை நகரிலிருந்து வெளியேற்றினார். ஆங்கிலேயரும் வழிவிடவில்லை. இரு படைகளுக்கும் இடையே, புல்லையும் வேரையும் தின்று எட்டு நாட்கள் அவர்கள் கிடந்தனர். அதன் பிறகே கூட் அவர்களைப் போகவிட்டார். பிரெஞ்சுக்காரர்களின் சண்டையில் மிகக் கொடிய விலை கொடுத்தவர்கள் இவர்களே.

குடியேற்றவாசிகள் தம் வீடுகளில் பதுக்கிய தானியத்தை வெளியே எடுக்க மறுத்தனர். லாலி வீடு வீடாகச் சோதனையிட்டார். நாட்குறிப்பால் புகழ் பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை, நகரம் விழும் தறுவாயில் காலமானார். 1761 சனவரி 16 அன்று புதுச்சேரி சரணடைந்தது. நோயுற்ற லாலி பல்லக்கில் வெளியேறியபோது சொந்த நாட்டவர்களே ஏசி, தாக்க முற்பட்டனர். கும்பினி ஊழல் பற்றிய ஆவணங்களை வைத்திருந்த அதிகாரி துபுவா அன்றே வாட்சண்டையில் கொல்லப்பட்டார்.

விசாரணையும் மரணமும்

போர்க்கைதியாக இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்ட லாலி, பாரிசில் தம்மீது குற்றச்சாட்டுகள் எழுந்திருப்பதை அறிந்து, அனுமதி பெற்றுத் தாமே பிரான்சு திரும்பினார். 1762 இல் லேரியும் புதுச்சேரி ஆலோசனைக் குழுவினரும் அரசிடம் முறையிட, லாலி பஸ்தீல் சிறையில் அடைக்கப்பட்டார். அரசருக்கும் கும்பினிக்கும் துரோகம் செய்தார் என 1766 மே 6 அன்று பாரிசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று நாட்கள் கழித்து, பேசவிடாமல் வாய் கட்டப்பட்ட நிலையில், இவரது தலை வெட்டப்பட்டது. பேரரசு ஒரு குடியேற்றத்தை இழந்ததற்கு ஒருவர் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கும்பினியின் கணக்குகளைவிட லாலியின் தலை எளிதாகக் கிடைத்தது. இதே போர் வட அமெரிக்க எல்லையிலும் நடந்தது. அங்கு வென்ற பிரித்தானியா, போர்க் கடனுக்காக விதித்த வரிகளால் தன் குடியேற்றவாசிகளுடன் முரண்பட்டது.

லாலியின் மகனும் எழுத்தாளர் வோல்ட்டேரும் தீர்ப்பை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினர். 1778 மே மாதத்தில் அரசரின் மன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. மரணப்படுக்கையில் இச்செய்தியைக் கேட்ட வோல்ட்டேர் அதே மாதம் 30 ஆம் நாள் இறந்தார். வழக்கு மாகாண நீதிமன்றங்களில் மீண்டும் விசாரிக்கப்பட்டது. லாலி குற்றமற்றவர் என்ற முறையான தீர்ப்பு கடைசிவரை வரவில்லை.