347 ரூபாய் 12 அணா: வ.உ.சி.யும் கடல் கடந்த தமிழர்களும்

ஜாசினிலும் ஆசகானிலும் அலோர் காஜாவிலும் வாழ்ந்த நம் பாட்டன்மாருக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தால் அது ஒருவர் வீட்டுக் கடிதமாக இருந்ததில்லை. எழுத்துத் தெரிந்த கிராணியோ தமிழ்ப்பள்ளி வாத்தியாரோ உரக்கப் படிக்க, லயமே கூடி நின்று கேட்கும். பதிலும் அப்படித்தான். ஒருவர் எழுத, பத்துப் பேர் சொல்வார்கள். கையில் நாலு காசு சேர்ந்தால் அதையும் அனுப்பி வைப்பார்கள். இதே பழக்கமுள்ள கடல் கடந்த தமிழர்கள், தாங்கள் முகம் பார்த்திராத ஒரு சிறைவாசியை நினைத்துக் கடிதமும் காசும் அனுப்பிய கதை ஒன்று உண்டு. அந்தச் சிறைவாசி கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

1961-இல் சிவாஜி நடித்து வந்த படத்தால் அவர் நம் தோட்டப்புறங்களில் வீட்டுக்கு வீடு அறிமுகமானார். கப்பலையும் செக்கையும் அறியாதவர் குறைவு. கப்பல் போன பிறகு, செக்கும் நின்ற பிறகு, அந்தக் குடும்பம் எப்படிச் சோறு தின்றது என்பதைத்தான் பலரும் கேட்டதில்லை.

வ.உ.சி. 1872 செப்டம்பர் 5-ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை, தாய் பரமாயி அம்மாள். அப்பாவைப் போல வக்கீலானார். 1900-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளையர் கம்பெனி மட்டுமே கப்பல் விட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். முதல் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். மறு ஆண்டே காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. 1908 தொடக்கத்தில் கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தத்தில் அவர் முன்னின்றார். அதிகாரிகளை அதிகம் உறுத்தியது கப்பலா, இந்தக் கூலிக்காரர் கூட்டமா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

1908 மார்ச் 12-ஆம் தேதி சுப்பிரமணிய சிவாவுடன் அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார்: இரண்டு ஆயுள் தண்டனைகள், கூட்டிப் பார்த்தால் 40 ஆண்டு. தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்தின் மனம் பேதலித்தது. கடைசி வரை அவர் தேறவே இல்லை. வீட்டில் மனைவி மீனாட்சி அம்மாளும் சின்னஞ்சிறு பிள்ளைகளும். மேல்முறையீட்டில் தண்டனை பெரிதும் குறைந்தாலும், நாலே முக்கால் ஆண்டு அவர் வெளியே வர முடியவில்லை.

முதலில் கோயம்புத்தூர் மத்திய சிறை. சணல் கிழிக்கும் எந்திரத்தைச் சுற்ற வைத்ததில் உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. அதன் பிறகு செக்கு. மாட்டைக் கட்ட வேண்டிய இடத்தில் ஒரு வக்கீலைக் கட்டினார்கள்.

இந்த நிலையில் இருந்தவருக்கு ஒரு கடிதம் என்பது எவ்வளவு பெரிது என்று விளக்க வேண்டியதில்லை. அதை எழுதுவதுதான் எளிதாக இல்லை. உள்ளே போவதும் வெளியே வருவதும் அதிகாரி கண்ணில் பட்ட பிறகே. 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்றார். அதற்குப் பிறகு திருநெல்வேலிச் சீமையில் வ.உ.சி.யின் பெயரை உறையின் மேல் எழுதுவதற்கே நெஞ்சுத் துணிவு வேண்டியிருந்தது. போலீஸ் கண்ணில் பட்டால் எழுதியவரும் கைதி ஆகலாம். பாளையங்கோட்டைச் சிறையில் அவரைப் போய்ப் பார்த்த பாரதியாரும் 1908-க்குள் புதுச்சேரிக்குப் போய்விட்டார். அவருக்கு வரும் தபாலே முழுதாக வந்து சேருவதில்லை.

ஆனாலும் சிலர் விடவில்லை. பரலி சு. நெல்லையப்பர் என்ற இளைஞர் கோவைக்கு வந்து பேரூரில் தங்கினார். சிறையிலிருக்கும் தலைவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பது ஒன்றே நோக்கம். பின்னாளில் பாரதி பாடல்களை அச்சில் கொண்டு வந்தவரும், வ.உ.சி.யின் வாழ்க்கையை எழுதியவரும் இவரே. மீனாட்சி அம்மாள் தம் பங்குக்குக் கணவரின் விடுதலைக்காக அரசாங்கத்துக்கு மனு எழுதினார்.

உள்ளே இருந்தவரும் சும்மா இருக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத கைதிகளுக்கு மேல்முறையீட்டு மனு எழுதிக் கொடுத்தார். சன்னது இல்லாத அந்த வக்கீலைச் சிறை நிர்வாகம் விரும்பவில்லை. வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் பாட்டாகவே எழுதினார். அந்தப் பாட்டுகளில் பல பிறகு பாடற்றிரட்டு என்ற நூலில் சேர்ந்தன. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நூலை மனம் போல வாழ்வு என்று தமிழாக்கினார். 1910 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்ட பிறகு மெய்யறம் என்ற அறநூலை எழுதினார்.

1912 டிசம்பர் 24-ஆம் தேதி விடுதலை. அவர் கைதானபோது ஊரே கடையடைத்தது. வெளியே வந்தபோது அந்தக் கூட்டம் இல்லை. கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது, கப்பல்கள் கை மாறிவிட்டன, வக்கீல் சன்னதும் பறிபோய்விட்டது. உடன் சிறை சென்ற சிவா குட்டநோயோடு திரும்பியிருந்தார். சொந்த ஊரில் பிழைக்க வழியில்லாமல் வ.உ.சி. சென்னைக்குப் போனார். அரிசிக் கடை, எண்ணெய்க் கடை என்று எதையெதையோ நடத்திப் பார்த்தார். கப்பல் நடத்தத் தெரிந்தவருக்குக் கடை நடத்தத் தெரியவில்லை. கேட்டவருக்கெல்லாம் கொடுத்துப் பழகிய கை அது.

அந்த நாள்களில் அவருக்குக் கடிதமும் பணமும் வந்தது தென்னாப்பிரிக்காவிலிருந்து. அனுப்பியவர் வேதியப்ப பிள்ளை. பெரிய தலைவர் அல்லர், பாடப் புத்தகத்தில் பெயர் வந்தவரும் அல்லர். வ.உ.சி.யின் வறுமை தெரிந்து, கடலுக்கு அப்பாலிருந்து விடாமல் உதவியவர். இவரைத் தவிர அங்குள்ள வேறு சிலரும் வ.உ.சி.க்கென்று பணம் திரட்டிக் காந்தியிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

நேட்டாலுக்குப் போன தமிழர்கள் கரும்புக் காட்டுக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். அவர்களுக்குச் சிறை கேள்விப்பட்ட இடம் அல்ல. 1913-இல் மூன்று பவுண்டு தலைவரிக்கு எதிராக வேலையை நிறுத்தி ஆயிரக்கணக்கில் உள்ளே போனார்கள். சிறையில் நோயுற்று, வெளியே வந்ததும் 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை அவர்கள் வீட்டுப் பெண். செக்கு இழுத்தவரின் வலியை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே ஆண்டுகளில்தான் கங்காணிகள் பின்னால் நம்மவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாக்காவின் ரப்பர்க் காடுகளுக்கு வந்துகொண்டிருந்தார்கள். துறைமுகம் வேறு, மரம் வேறு. கூலிப் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி ஊருக்கு அனுப்பும் மனது ஒன்றுதான்.

காந்தி 1915 ஜனவரியில் இந்தியா திரும்பினார். ஏப்ரலில் சென்னைக்கு வந்து தம்புச் செட்டித் தெருவில் ஜி.ஏ.நடேசன் வீட்டில் தங்கினார். வ.உ.சி. அவருக்குக் கடிதம் எழுதினார். கடிதம் எழுத வைத்தது பணம் அல்ல. காந்தியைப் பார்க்க வேண்டும் என்ற ஆவல்தான். காந்திதான் பேச்சை எடுத்தார்: தென்னாப்பிரிக்கத் தமிழர் கொடுத்த பணம் வந்து சேர்ந்ததா என்று விசாரித்தார். வரவில்லை. எவ்வளவு, யார் யார் கொடுத்தது என்பதும் காந்திக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

அதன் பிறகு இருவருக்கும் இடையே கடிதங்கள் போயின, வந்தன. வ.உ.சி. தம் நிலையை மறைக்கவில்லை. வேதியப்ப பிள்ளையின் உதவியில்தான் குடும்பம் நடக்கிறது என்பதையும், வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் தாம் இல்லை என்பதையும் எழுதினார். பத்து லட்சம் ரூபாய்க் கம்பெனியை உண்டாக்கியவர் இதை எழுதிய கையோடு எப்படி இருந்திருப்பார் என்று நினைத்தால் படிப்பவருக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. அவரிடம் கூச்சமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. தமக்கென்று உழைப்பாளிகள் கொடுத்த பணம் தம்மிடம் வரவேண்டும், அவ்வளவுதான். காந்தியும் மறக்கவில்லை. தென்னாப்பிரிக்காவுக்கு எழுதி விசாரித்தார். மாதங்கள் ஓடின. 1916-இன் தொடக்கத்தில் பணம் கைக்கு வந்தது: 347 ரூபாய் 12 அணா. அந்த 12 அணாவைக் கவனிக்க வேண்டும். ஒரு செல்வந்தர் எழுதிய காசோலை என்றால் 350 என்றோ 500 என்றோ முழுசாக இருந்திருக்கும்.

பின்னாளில் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் மறுபடி வக்கீல் தொழில். திருக்குறள் மணக்குடவர் உரையையும் தொல்காப்பிய இளம்பூரணர் உரையையும் பதிப்பித்தார். அரசியலில் பழைய இடம் கிடைக்கவில்லை, அவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

தமக்கு உதவியவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது அவர் வழக்கம். வாலஸின் நினைவாக ஒரு மகன் வாலேசுவரன் ஆனார். வேதியப்ப பிள்ளையின் நினைவாக ஒரு மகளுக்கு வேதவல்லி என்று பெயர். வீட்டில் அந்தப் பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் தென்னாப்பிரிக்காக்காரரின் பெயரில் பாதி வாயில் வந்தது.

முடிவு நெருங்கியபோது உயில் எழுத வைத்தார். சொத்தைப் பிரிப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. துணிக்கடைக்கு, எண்ணெய்க் கடைக்கு என்று யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை வரிசையாகச் சொல்லி, அவற்றைக் கொடுத்துத் தீர்க்கும்படி எழுதச் செய்தார். 1936 நவம்பர் 18-ஆம் தேதி தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது.